தங்கைக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை: நான் சொல்லலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். சென்ற மாதம் டாக்டர் சீட்டுடன் வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. சோதனை ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம் என்ற முதல்கட்ட முடிவு) என்று வந்தது. அவருக்கும் என் சித்தி மகளுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம். அவர் ஆண்களோடு பழகுகிறவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. சித்தப்பாவிடம் சொல்லிவிடலாமா? ஆணும் ஆணும் உறவு கொள்வது 377-ஆவது பிரிவின்படி குற்றம்தானே, போலீஸில் புகார் கொடுத்தாவது இந்தக் கல்யாணத்தை நிறுத்தலாமா?

பதில்: பெண் உங்களுக்குத் தங்கை முறை, நீங்கள் தவிப்பது இயல்பு. ஆனாலும் சித்தப்பாவிடம் நீங்கள் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் இடைவெளியே வைக்கவில்லை: ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய துணைக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு, மற்ற மருத்துவப் பணியாளர் எவருக்கும் இல்லை என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. துணைக்கே சொல்லக் கூடாதென்றால் துணையின் தகப்பனாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றை நீங்கள் தொழில் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். ஒரே கிட்டில் ரியாக்டிவ் என்று வந்ததை வைத்து ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று எழுதித் தந்துவிடுவீர்களா? நோய் அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் அதே முடிவு வந்தால்தான் உறுதி என்பது தேசிய வழிகாட்டுதல். அதை அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆலோசனைக்கும் உள்ள நம்பிக்கை மையத்தில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். அந்த உறுதிச் சோதனை முடிந்ததா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. முடியாமலே நீங்கள் வாய் திறந்து, பிறகு முடிவு நெகட்டிவ் என்று வந்தால், அந்த இரண்டு வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

உங்கள் வேலை, இன்றே சீட்டு எழுதிய டாக்டரைப் பார்ப்பது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினீர்களா, நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினீர்களா, கல்யாணம் நிச்சயமாகியிருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பரிசோதனை முடிவை அதைக் கேட்ட டாக்டரிடம் பேசுவது உங்கள் கடமைக்கு உட்பட்டதுதான். தொற்று உறுதியானால், உறவுக்கு முன் தன் நிலையைச் சொல்வதோ, தொற்றாமல் இருக்கத் தக்க முன்னெச்சரிக்கை எடுப்பதோ அந்த மாப்பிள்ளையின் சட்டக் கடமை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லி, அவர் வாயாலேயே பெண்ணிடம் சொல்ல வைப்பதுதான் நல்ல ஆலோசகரின் திறமை. ஆடி மாதம் முழுதும் கையில் இருக்கிறது.

அவர் மறுத்தால்? இங்கேதான் சட்டம் சற்று இடறுகிறது. நோயாளிக்கு ஆலோசனை கொடுத்தும் அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், முன்கூட்டியே அவரிடம் அறிவித்துவிட்டு மருத்துவரே துணையிடம் நேரில் சொல்லலாம். ஆனால் துணை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், மணந்தவரையும் மணந்தவர்போல் வாழ்கிறவரையும் குறிக்கிறதே தவிர, நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. 1998-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே சிக்கலைத்தான் பார்த்தது: ரத்தம் கொடுத்தபோது தெரியவந்த தொற்று வெளியே போனதால் கல்யாணம் நின்றுபோன ஒருவர் (அவரே ஒரு மருத்துவர்) மருத்துவமனைமேல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனால் அது இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய தீர்ப்பு. அதை நம்பி டாக்டரே அவசரப்படக் கூடாது, வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

377 பற்றி. மெக்காலே காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவை, வயது வந்தவர்களின் சம்மத உறவைப் பொறுத்தமட்டில் 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் விலக்கியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு இறுதியாக நீக்கியது. சரியாக நான்கு நாள் கழித்து நான் மேலே சொன்ன எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியொரு பிரிவே கிடையாது. ஆகவே போலீஸில் கொடுக்க உங்களிடம் புகார் இல்லை. அவர் யாரை விரும்புகிறார் என்ற தெருப்பேச்சும், குழாயில் இருக்கும் ரத்தமும் இரண்டு வேறு விஷயங்கள். கடிதத்தில் அவற்றை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். தில்லி வழக்கிலேயே உள்துறை 377-ஐக் காக்க முயன்றபோது, அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு எதிர்ப்பக்கம் நின்றது. போலீஸுக்குப் பயந்து மறைகிற ஆளைச் சோதனைக்கு அழைத்துவர முடியவில்லை என்பது அவர்களின் கவலை.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குத்தான் கொண்டுவந்து சோதித்தார், இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரிந்தது இங்கே. உங்களைப்போல் குழாயும் கிட்டுமாக நின்றவர்கள்தாம் அதைக் கண்டார்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, வயது 23. பதினைந்து நாள் முன்பு ஒரு நண்பருடன் ஆணுறை இல்லாமல் உறவு ஏற்பட்டது. பயந்து ஒரு டாக்டரிடம் போனேன். சோதனை எழுதாமல், ஆணோடு ஆண் பழகும் இந்தப் பழக்கத்தை மாற்ற ஊசியும் மாத்திரையும் உண்டு, அப்பாவை அழைத்து வா என்றார். என்ன செய்வது?

பதில்: அப்பாவை அழைத்துப்போக வேண்டாம், அந்த டாக்டரிடமும் இனிப் போக வேண்டாம். தன்பாலீர்ப்பு நோயன்று, உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்ட கேள்விகளின் தொடர்ச்சியாக, இப்படி மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுக்கக்கேடு என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. விரும்பினால் அவர்மேல் நீங்கள் கவுன்சிலில் புகார் செய்யலாம், அது அவசரமில்லை.

அவசரம் வேறு. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்; உங்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. இந்த வாரமே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும், கூடவே மேகநோய் (சிபிலிஸ்), கல்லீரல் அழற்சி பி சோதனைகளும் செய்துகொள்ளுங்கள். பதினைந்தாம் நாளில் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. ஆசனவாய் வழி உறவில் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆணுறையோடு, நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குத் திரவத்தையும் பயன்படுத்துங்கள். வீட்டில் இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயைத் தடவினால் ஆணுறை கிழியும். உங்கள் ஊரில் முகம் தெரிந்தவர் பார்ப்பார் என்று தயங்கினால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறெந்த ஊர் மையத்துக்கோ போகலாம். பேச மட்டும் வேண்டுமென்றால் 1097 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம். அந்த நண்பரையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.