மாட் 1.38 ஆனா ஏஜென்சிய மூடணுமா?
அண்ணா, அட்லாண்டா வேர்ஹவுஸ்களுக்கு ஆள் அனுப்புறீங்க, வொர்க்கர்ஸ் காம்ப் (வேலைல அடிபட்டா குடுக்கிற இன்சூரன்ஸ்) மாட், அதாவது பழைய க்ளெய்ம வச்சு பிரீமியத்த ஏத்தி இறக்குற எண், 1.38 ஆயிடுச்சு, ரினியூவல் இல்லன்னு கேரியர் (இன்சூரன்ஸ் கம்பெனி) கைவிரிச்சுட்டான்னு போட்டிருக்கீங்க. மூட வேணாம், மொதல்ல லாஸ் ரன்ஸ், அதாவது உங்க க்ளெய்ம் எல்லாம் இருக்கிற லிஸ்ட, கேரியர்கிட்ட கேட்டு வாங்குங்க. அதுல ஓப்பனா கிடக்கிற க்ளெய்ம்ல ரிசர்வ் (இனிமே செலவாகும்னு ஒதுக்கி வச்ச தொகை) எவ்வளவு வச்சிருக்கான்னு பாருங்க, ஆள் எப்பவோ வேலைக்குத் திரும்பியிருப்பான், க்ளெய்ம பாக்குற கேரியரோட அட்ஜஸ்டர் ரிசர்வ குறைக்காம அப்படியே விட்டு வச்சிருப்பான், அதுவும் உங்க மாட்லதான் ஏறும். பாலிசி ஆரம்பிச்சு 18 மாசத்துல இருக்கிற கணக்குதான் மொதல்ல மாட் போடுற என்சிசிஐ அமைப்புக்குப் போகும், அதுக்கு முன்னாடியே அட்ஜஸ்டருக்கு போன் போட்டு நச்சரிங்க.

அடிபட்டவன வீட்ல உக்கார வைக்காம லைட் டூட்டி குடுங்க, சம்பள இழப்பு இல்லாத மெடிக்கல் ஒன்லி க்ளெய்ம்னா பெரும்பாலான மாநிலத்துல அந்தத் தொகைல 30 சதவீதம்தான் மாட்ல சேரும்.

பேக்கிங்னு அனுப்பின பையன க்ளையன்ட் ஃபோர்க்லிஃப்ட்ல ஏத்திட்டான்னு சொன்னீங்களே, அதான் உங்க நிஜப் பிரச்சன. உங்ககிட்ட எழுதிக் கேக்காம க்ளையன்ட் வேல மாத்தக் கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல போடுங்க. பிரீமியம் குறையும்னு வேர்ஹவுஸ் ஆள 8810 க்ளெரிக்கல்ல (ஆபீஸ் வேலைக்கான கோடு) காட்டச் சொல்ற புரோக்கர் பக்கமே போகாதீங்க, கேரியர் ஆடிட்ல 8292 வேர்ஹவுஸ் கோடுக்கு மாத்தி மொத்தமா பில் வரும். எந்த கேரியருமே எடுக்கலன்னா அசைன்ட் ரிஸ்க் (மத்தவங்க மறுத்தவங்களுக்கான கடைசி வழி இன்சூரன்ஸ்) இருக்கு, விலை அதிகம்தான், ஆனா கவரேஜ் இல்லாம ஒரு நாள் கூட ஆள் அனுப்பாதீங்க.