வாசகர் கேள்வி: தள்ளுவண்டியில் ஒரு சோலார் பேட்டரி

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். கூரையில் எதையும் பொருத்த வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே மின்சாரம் நிற்கும் நேரத்துக்காகப் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் பேனல் மூன்றையும் சக்கரம் வைத்த வண்டியில் அமைக்க எண்ணுகிறேன். எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. மதுரை உறவினர் அனுப்பிய வரைபடத்தில் பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும் என்றுள்ளது. அது இங்கும் பொருந்துமா? இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகினால் வீடு முழுவதும் விளக்கெரியும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கடைசிக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செருகிய ஒயர் கழன்று விழுந்தால், அதன் பித்தளை முனைகளில் 230 வோல்ட் வெளியே தெரியும்படி நிற்கும். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தாலும் போதும், உங்கள் மின்சாரம் தெருவுக்குப் பாயும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடக்கூடும் என்பதால், மின்சாரம் இல்லை என்று நம்பிப் பழுது பார்க்கும் ஊழியர் உயிரிழக்க நேரிடும். வீட்டு ஒயரிங்கோடு இணைப்பதென்றால் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் மாற்றுச் சுவிட்ச் (தெரு மின்சாரம், இன்வெர்ட்டர் மின்சாரம் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் சுவிட்ச்) வைத்து, விதிப்படி சான்றிதழும் தர வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு உரிமையாளரின் சம்மதமும் தேவை. உங்கள் வண்டி தனித் தீவாகவே இருக்கட்டும். வேண்டிய கருவிகளை அதிலுள்ள பிளக்குகளிலேயே செருகுங்கள்.

பேட்டரியின் அளவை ஆசையைக் கொண்டு முடிவு செய்யாமல், கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். ரவுட்டருக்கு 12 வாட், நான்கு எல்.இ.டி. பல்புகளுக்கு 36, தொலைக்காட்சிக்கு 80, மின்விசிறிக்கு 50 என்று வைத்தால் மொத்தம் 178 வாட். நான்கு மணி நேரத்துக்கு இது 712 வாட் மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 800. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று 1,280 வாட் மணியைத் தேக்கும் என்பதால் உங்களுக்கு அது தாராளம். காரில் பயன்படுத்தும் ஈய பேட்டரி விலை குறைவுதான் என்றாலும், அடிக்கடி பாதிக்குக் கீழ் இறக்கினால் விரைவில் கெட்டுவிடும். பழைய பேட்டரி ஒன்று கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். கெட்டில், ஹீட்டர், கீசர் ஆகியவற்றை இந்த வண்டியில் செருகவே கூடாது.

ஃபிரிட்ஜைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் அது சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும் என்பதால், இரண்டு மணி நேர லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) வந்தாலும் அதை வண்டியோடு இணைக்கவே வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது போல மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போனால் கதை வேறு. அப்போது ஃபிரிட்ஜையும் இன்சுலினையும் காக்கும் பொறுப்பு இந்த வண்டியுடையதாகிவிடும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், குறைந்தது 1,000 வாட் தூய சைன் அலை இன்வெர்ட்டராக (சுவர் பிளக்கில் வருவதுபோல் சீரான மின்சாரம் தரும் வகை) வாங்குங்கள்.

அந்த இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கத்திலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 25 சதுர மில்லிமீட்டர் கேபிளை ஒரு மீட்டருக்குள் முடித்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், லித்தியம் பேட்டரிக்கு ஏற்ற 125 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை அவசியம் வையுங்கள். ஃபியூஸ் இல்லாத லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒரு ஸ்பானர் இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தாலும் தீப்பற்றக்கூடும். ஆகவே முனைகளை ரப்பர் மூடியால் மூடிவிடுங்கள்.

பேனலின் திசையைப் பொறுத்தவரை, உறவினரின் வரைபடம் மதுரைக்குச் சரி. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருப்பதால் இங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான் இருக்கும். எனவே பேனலை வடக்கு நோக்கி, தரையிலிருந்து 30 பாகை சாய்த்து வையுங்கள். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் இன்னும் சற்று நிமிர்த்துங்கள். 200 வாட் பேனல்கள் இரண்டு போதும். நல்ல வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே, இழப்புகள் போக, ஏறத்தாழ 1,200 வாட் மணி சேரும். அவற்றைத் தொடராக (ஒன்றன் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு) இணைத்து, 100 வோல்ட், 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் (பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) வைக்கலாம். துணிக்கொடிக் கம்பத்தின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும்.

லோட் ஷெடிங்குக்கு வெயிலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் 20 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் ஒன்று, செலவான அளவை மூன்று, நான்கு மணி நேரத்தில் திருப்பித் தந்துவிடும். இணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரோடு இணைத்து, அதன் பிறகே பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனலை முதலில் கழற்றுங்கள். கடற்காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றைத் துடைத்து, திருகுகளை இறுக்கி வையுங்கள்.