பறைக்கு இல்லாத சுருதி மிருதங்கத்துக்கு எப்படி வருகிறது?

வியாசர்பாடியில் பறை கேட்டு வளர்ந்த நண்பர் இப்படிக் கேட்டிருக்கிறார். வட்டமான தோல் அதிரும்போது அடிப்படை அதிர்வுடன் அதைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு வேகத்திலும் அதிர்வுகள் எழும். இவை முழு எண்களாக இல்லாததால் காது ஒரு சுருதியைப் பிடிக்க முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நடுவே அப்பும் கருஞ்சோறு என்ற கரும்பசை, அந்த இடத்தின் எடையைக் கூட்டி, மேலதிர்வுகளை ஏறக்குறைய 2, 3, 4, 5 மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள்.

ஆனால் சோறு மட்டும் நாதம் தராது. மோதிர விரலைச் சோற்றின் ஓரத்தில் மெல்ல வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்டும்போது, வைத்த விரல் அடிப்படை அதிர்வை அடக்கிவிட, இரண்டாம் மடங்கு தெளிவாக ஒலிக்கிறது. விரல் சற்றே அழுந்தினாலும் நாதம் செத்துவிடும். இந்த நுண்மையை ஒவ்வோர் அடியிலும் காதால் திருத்திக்கொள்பவரையே நான் பெரிய வித்வான் என்பேன்.

பறைக் கலைஞருக்கும் அதே காதுதான் வேண்டும். வாசிப்புக்கு முன் வைக்கோல் தீயில் காட்டினால் தோலின் ஈரம் போய், இழுவிசை கூடி, ஒலி உயர்கிறது. எப்போது தீயை விட்டு எடுப்பது என்பதை, இடையிடையே தட்டிப் பார்த்து அவரே முடிவுசெய்கிறார்.