பிக்கப் டிரக்கில் கிரில் ஷட்டர் கோளாறு எச்சரிக்கை ஏன் வருகிறது?

ஃபோர்டு எஃப்-150 போன்றவற்றில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் தகடுகளை (இவைதான் கிரில் ஷட்டர்) ஒரு சிறு மோட்டார் திறந்து மூடும். நெடுஞ்சாலையில் மூடினால் காற்றுத்தடை குறையும். ஸ்கேனரில் பி059எஃப் கோடு (தகடுகள் சரியாக அசையவில்லை என்ற கோளாறு எண்) வந்தால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள். பெரும்பாலும் சேறு, பனிக்கட்டி, அல்லது கல் பட்டு உடைந்த தகடுதான் காரணம். இன்ஜினை அணைத்து, கழுவி, தகடுகளைப் பாருங்கள். சிக்கிய தகட்டைக் கையால் நெம்பினால் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துவிடும். யு0284 கோடு என்றால் ஷட்டருக்கும் வண்டியின் கணினிக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்கிறது. முதலில் கனெக்டரில் நீர், பச்சைத் துரு உண்டா பாருங்கள். முன் பம்பர் இடிபட்ட வண்டியில் ஒயரையும் சந்தேகியுங்கள்.

தகடுகள் திறந்தபடி நின்றால் எரிபொருள்தான் கொஞ்சம் வீண். மூடியபடி நின்றால் டிரெய்லர் இழுக்காதீர்கள். இன்ஜின் சூடாகும், ஏசியும் குளிராது.

ராம் 1500-இல் (2019 முதல்) பம்பருக்கு அடியில் இறங்கும் காற்றுத் தடுப்பு வேறு உண்டு. கரடுமுரடான பாதையில் அது அடிபடலாம்.