31 துண்டுகள், 62 கட்டங்கள்

வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் கொடுத்திருந்த சதுரங்கப் பலகைப் புதிரை நானும் என் மகனும் எடுத்துக்கொண்டோம். 64 கட்டங்கள் உள்ள பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். மிச்சம் 62. ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மறைக்கும் 31 துண்டுகளால் அதை முழுவதும் மூட முடியுமா என்பது கேள்வி. வெள்ளை அட்டையில் கோடு போட்டு, துண்டுகளையும் வெட்டிக்கொண்டு, இரண்டு இரவு உட்கார்ந்தோம். எத்தனை முறை அடுக்கினாலும் கடைசியில் தனித்தனியாக இரண்டு கட்டங்கள் மிஞ்சின. பொறுமை போய் விடையைப் பார்த்தால், ‘முடியாது’ என்று ஒரே ஒரு சொல். எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. பன்னிரண்டு வயது மகன் கேட்டது வேறு: “முடியாதுன்னு எப்படிப்பா சொல்றாங்க? நாம சரியா அடுக்கலையோ என்னமோ?” என்னிடம் பதில் இல்லை. விடையே இல்லாத ஒன்றைப் புதிர் என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

காரணத்தைச் சொல்லாமல் ‘முடியாது’ என்று மட்டும் போட்டது என் சோம்பேறித்தனம். மன்னிக்கவும்.

உங்கள் மகன் நல்ல இடத்தில் பிடித்திருக்கிறான். மூலைகளை வெட்டாத முழுப் பலகையை 32 துண்டுகளால் மூட 1,29,88,816 வழிகள் இருக்கின்றன. அவ்வளவு வழி இருந்த இடத்தில் இரண்டு கட்டம் போனதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆயிரம் முறை தோற்றாலும் ஆயிரத்தோராவது முறை கிடைக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அடுக்கி அடுக்கி அதைத் தீர்க்க முடியாது.

நீங்கள் வெட்டிய அட்டை முழுக்க வெள்ளை. அதுதான் உங்களைக் கவிழ்த்தது. கட்டங்களுக்குச் சதுரங்கப் பலகைபோலக் கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிவிட்டு மறுபடி அடுக்கிப் பாருங்கள். 30 துண்டுகளை வைத்த பிறகு மிஞ்சும் இரண்டு கட்டங்களும் ஒவ்வொரு முறையும் ஒரே நிறத்தில் இருக்கும். ஒரு துண்டு எங்கே விழுந்தாலும், படுத்தாலும் நின்றாலும், ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மறைக்கும். எதிரெதிர் மூலைகளோ ஒரே நிறம். இரண்டும் வெள்ளை என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 32 கருப்பு, 30 வெள்ளை. 31 துண்டுகளுக்கு 31 வெள்ளை வேண்டும். எங்கே போவது? கதை அவ்வளவுதான். ஒரு துண்டைக்கூட அடுக்க வேண்டியதில்லை.

மாக்ஸ் பிளாக் என்ற தத்துவவாதி 1946இல் போட்ட புதிர் இது. 1964இல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி இதையே கணினிகளுக்குச் சவாலாக முன்வைத்தார். நிறம் பூசலாம் என்று தோன்றாத இயந்திரம் இதில் மூச்சுத் திணறும் என்பது அவர் கணிப்பு. ஆகவே இரண்டு இரவு தோற்றதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த கேள்வி உங்கள் மகனுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். மூலைகளை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கருப்பையும் ஏதாவது ஒரு வெள்ளையையும் எடுத்தால்? நிறக் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் கணக்கு சரியானதாலேயே அடுக்க முடிந்துவிடுமா? முடியும், எந்த இரண்டை எடுத்தாலும். கணிதவியலாளர் ரால்ஃப் கோமரி காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். 64 கட்டங்களையும் ஒரே ஒரு முறை தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதை ஒன்றைப் பலகையில் வரையுங்கள். நிறங்கள் மாறி மாறி வரும் மாலை அது. அதில் ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும் உருவினால் மாலை இரண்டாக அறும். இரண்டு பாதியிலும் கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படை. (உருவியவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே துண்டு, அதுவும் இரட்டைப்படைதான்.) பாதை போகும் போக்கிலேயே துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். முதல் புதிரைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

‘ஏமாற்றம்’ என்றீர்களே, அதை நானும் அனுபவித்திருக்கிறேன். 15 எண் கட்டைகளை, ஓர் இடம் காலியாக உள்ள சதுரச் சட்டத்துக்குள் நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டு தெரியும்தானே? கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் 14, 15 இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிப் பொருத்தி, ஒன்றும் தெரியாதவன்போல என்னிடம் கொடுத்தான். மூன்று நாள் நகர்த்தினேன். இதே 14-15 மாற்றம் 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பைத்தியமாக்கியிருக்கிறது. பின்னாளில் அமெரிக்கப் புதிர் ஆசிரியர் சாம் லாயிட் அந்த விளையாட்டே தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, இதைத் தீர்ப்பவருக்கு 1,000 டாலர் என்று அறிவித்தார். விளையாட்டு அவருடையது அல்ல. பணத்துக்கும் ஆபத்தில்லை, ஏனென்றால் அது முடியாது என்று 1879இலேயே கணித இதழில் நிரூபணம் வந்துவிட்டது.

அங்கேயும் கருப்பு வெள்ளைதான். காலி இடம் ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறும். தன் பழைய மூலைக்குத் திரும்ப இரட்டைப்படை நகர்வுகள் ஆகியே தீரும். ஒவ்வொரு நகர்வும் ஒரு கட்டைக்கும் காலி இடத்துக்கும் இடையே ஓர் இடமாற்றம். 14ஐயும் 15ஐயும் மட்டும் மாற்றவோ ஒற்றைப்படை இடமாற்றங்கள் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. நண்பனை நான் மன்னிக்கவில்லை என்பது தனிக்கதை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வழி கிடைக்கவில்லை என்பது ஒன்று, வழி இருக்கவே முடியாது என்று காட்டுவது வேறொன்று. இரண்டாவது முழுமையான விடை. கோபப்பட வேண்டியது சொல்லில் பொடி வைத்து ஏய்க்கும் விடுகணக்குகள்மேல்தான். விடையைக் கேட்டதும் ‘ப்ச்’ என்று வாய் தானாகச் சொன்னால் அது அந்த வகை.

மகனிடம் இதைக் கொடுங்கள். பத்துக்குப் பத்து பலகை, 100 கட்டங்கள், எதையும் வெட்டவில்லை. நேர்க்கோட்டில் நான்கு கட்டங்களை மறைக்கும் 25 துண்டுகளால் அதை மூட முடியுமா? முடியும் என்றால் அடுக்கிக் காட்ட வேண்டும், முடியாது என்றால் காரணம் வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் மாறும் கருப்பு வெள்ளை இதில் கைகொடுக்காது. வண்ணப் பெட்டியில் இன்னும் சில நிறங்கள் இருக்கும்தானே?

அன்புடன்.