டீக்குக் கணக்கு உண்டு, ஹெலிகாப்டருக்குக் கிடையாது

தேர்தல் பணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பழைய வண்ணாரப்பேட்டை ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்கர் அம்மா பதில் சொல்கிறார். கட்சி பேதமில்லாமல் பல வேட்பாளர்களுக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவர்.

அக்கா, 2022 மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஒரு சாயங்காலம் வெடித்த பட்டாசே லட்சத்தைத் தொட்டிருக்கும். கவுன்சிலர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு இருக்கிறதாமே, உண்மையா?
ச.மு., கொருக்குப்பேட்டை

இருக்கிறது தம்பி. அந்தத் தேர்தலில் சென்னை மாநகராட்சி வார்டுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த வரம்பு 90,000 ரூபாய். நகரத்தில் அப்போது சுமார் 61 லட்சம் வாக்காளர்கள், 200 வார்டுகள். வார்டுக்குச் சராசரி 30,000 பேர். அப்படியென்றால் ஒரு வாக்காளருக்கு 3 ரூபாய். வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் அடித்து, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாலே தீர்ந்துவிடும். சட்டமன்றத் தேர்தலில் வரம்பு 40 லட்சம் (2022 ஜனவரியில் உயர்த்தியது). இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்று வைத்தால் ஆளுக்கு 16 ரூபாய் வரும். தெருவில் நம்மோடு இருக்கிற கவுன்சிலருக்கு 3, கோட்டைக்குப் போகிறவருக்கு 16. இந்த விகிதத்துக்கு எனக்கு இன்றுவரை காரணம் புரியவில்லை.

அதனால் வரம்புக்குள் கணக்கு எழுதுவது ஒரு தனிக் கலையாகிவிட்டது. நாற்காலி, பந்தல், மைக் செட், ஆட்டோ, டீ, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தேர்தல் அதிகாரிகள் விலைப்பட்டியல் போட்டுத் தருவார்கள். நாம் கம்மியாக எழுதினாலும் அவர்கள் அந்த ரேட்டில்தான் சேர்ப்பார்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வீடியோ எடுக்கும் குழு வேறு உண்டு. அதைப் பார்த்து அதிகாரிகள் நிழல் பதிவேடு என்று ஒன்று தனியாக எழுதுவார்கள். வேட்பாளர் ஒருவர் என்னிடம், "பிரியாணியைத் தக்காளி சாதம்னு எழுதுங்கம்மா, ரேட்டு கம்மி" என்றார். வீடியோவில் லெக் பீஸ் தெரியும் சார் என்றேன். ஒன்றும் பேசாமல் பிரியாணி என்றே எழுதவிட்டார்.

கட்சிதானே வேட்பாளருக்குப் பணம் கொடுக்கும்? அப்புறம் ஏன் எங்கள் வட்டச் செயலாளர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது?
பெயர் வேண்டாம், வியாசர்பாடி

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் என்றால் தலைமையிலிருந்து ஏதாவது வரும். வார்டு தேர்தலில் நான் பார்த்தவரை பணம் மேலிருந்து கீழே வருவது அபூர்வம். கீழிருந்துதான் மேலே போகும். தொடக்கமே விருப்ப மனுக் கட்டணம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு திமுக பொதுத் தொகுதிக்கு 25,000 வாங்கியது, அதிமுக 15,000 வாங்கியது. சீட்டு கிடைக்காவிட்டாலும் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டுவார்கள். கட்சிக்கு அது ரசீதோடு வரும் வெள்ளைப் பணம், அதில் தப்பொன்றும் இல்லை.

சீட்டு கிடைத்த பிறகு வேட்பாளரின் சொந்தப் பணம், மச்சான் பணம், அப்புறம் கடன். கடன் என்றால் வங்கிக் கடன் இல்லை. பந்தல்காரர், அச்சகக்காரர், மைக் செட்காரர், டிபன் கொடுக்கிற மெஸ், எல்லாரும் "எலெக்‌ஷன் முடிஞ்சு வாங்கிக்கறேன்" என்று நிற்பார்கள். ஒரு தேர்தலில் நான் கணக்கு எழுதிய வேட்பாளர் தோற்றுவிட்டார். பந்தல்காரர் நடையாக நடந்தார். வாங்க வேண்டிய தொகைக்குக் கால்வாசிதான் கைக்கு வந்தது. அதிலிருந்து அவர் கட்சிக்காரர்களிடம் பாதிப் பணம் முன்கூட்டி வாங்காமல் ஒரு கம்பு நடுவதில்லை.

செலவு எங்கே போகிறது என்றால், பூத்துக்கு. போஸ்டரும் கூட்டமும் கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் பெரிய செலவு என்று நினைக்கிறோம். சட்டமன்றத் தொகுதி ஒன்றில் 250 பூத் என்று வையுங்கள். பூத்துக்குப் பத்து பேர், ஆளுக்குச் சாப்பாடும் பேட்டாவுமாக 500 ரூபாய். பன்னிரண்டரை லட்சம் ஆயிற்றா? 40 லட்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில். இது யாருக்கும் லஞ்சம் கொடுக்காமல் நேர்மையாக நடத்தினால் ஆகும் செலவு.

கவுன்சிலருக்கு 2023-லிருந்துதான் மாதம் 10,000 மதிப்பூதியம். ஐந்து வருஷமும் சேர்த்தால் 6 லட்சம். அதைவிடப் பல மடங்கு போட்டு ஒருவர் ஏன் நிற்கிறார், போட்டதை யாரிடமிருந்து எடுக்கிறார் என்று உங்கள் தெருவில் வீடு கட்டியவரைக் கேட்டுப் பாருங்கள். நான் எழுதிய எந்தக் கணக்கிலும் அந்தப் பத்தி கிடையாது.

தலைவர்கள் ஹெலிகாப்டரில் வருகிறார்களே, அது எந்த வேட்பாளர் கணக்கில் ஏறும்?
ஜெ.ஆ., திருவொற்றியூர்

யார் கணக்கிலும் ஏறாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரை நட்சத்திரப் பேச்சாளர்கள் என்று பட்டியல் கொடுக்கலாம். பதிவு மட்டும் ஆன கட்சிக்கு 20. அவர்கள் பிரசாரத்துக்குப் போகும் பயணச் செலவு கட்சியைச் சேர்ந்தது. கட்சிக்கு நம் நாட்டில் செலவு வரம்பே கிடையாது. தேர்தல் முடிந்ததும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு கணக்கு கொடுத்தால் போதும்.

ஒரு கொக்கி உண்டு. தலைவரோடு வேட்பாளர் மேடை ஏறினாலோ, அவர் படமும் பெயரும் பேனரில் இருந்தாலோ கூட்டச் செலவில் பங்கு அவர் தலையில் விழும். தலைவர் வண்டியில் கூடப் போனால் பயணச் செலவில் பாதி. சில பெரிய கூட்டங்களில் வேட்பாளர்களைத் தனியாகத் தள்ளி உட்கார வைத்தது இதனால்தான். பணிவு என்று டிவியில் சொன்னார்கள், நாங்கள் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டோம்.

வேட்பாளர் கணக்கு, மனு தாக்கல் செய்த நாளில் தொடங்கி முடிவு அறிவிக்கும் நாளில் முடிகிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு கொடுத்த வேட்டி சேலைக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பேனா தொடவேண்டிய அவசியமே இல்லை.

எங்களுக்கு எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. கொள்முதலுக்கு ஈரோடு கிளம்பினால் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. வியாபாரி என்ன செய்வது அம்மா?
ப.ர., பழைய வண்ணாரப்பேட்டை

50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் காகிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். வங்கியில் எடுத்த சீட்டு அல்லது பாஸ்புக் பக்கம், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பழைய கொள்முதல் பில் இரண்டு, அடையாள அட்டை. கடை வசூல் பணம் என்றால் அன்றைய ரொக்கப் புத்தகத்தின் நகல். ஆணையத்தின் வழிகாட்டுதல், 50,000-க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் செய்யச் சொல்வது வேட்பாளர், அவரது ஏஜென்ட், கட்சிக்காரர் போகும் வண்டியில். நடைமுறையில் மாட்டுவது நீங்களும் மீன் வியாபாரிகளும்தான். பணம் கொண்டுபோகத் தெரிந்த கட்சிக்காரர் சோதனைச் சாவடி வழியாகவா போவார்?

பிடித்தால் சத்தம் போடாதீர்கள், ரசீது வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. யாரிடம் முறையிடலாம் என்பது ரசீதிலேயே இருக்க வேண்டும். வழக்குப் பதிவாகாமல், எந்த வேட்பாளரோடும் தொடர்பில்லை என்று தெரிந்தால் பணத்தை விடுவிக்க வேண்டும். எப்படியும் வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஆர்.கே. நகரில் 2017-ல் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். வாங்கினவங்களுக்கும் தண்டனையா? கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்களே, அதுக்கு என்ன செய்ய?
ஒரு பாட்டி, தண்டையார்பேட்டை

பாட்டியம்மா, இளைய வாசகர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜெயலலிதா மறைவால் காலியான தொகுதி. 2017 ஏப்ரல் 12-ல் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 7-ல் அப்போதைய அமைச்சர் ஒருவர் வீட்டில் வருமான வரிச் சோதனை நடந்தது. 89 கோடி ரூபாய் பட்டுவாடா விவரம் கொண்ட தாள்கள் கிடைத்ததாகச் செய்தி வந்தது, அமைச்சர் மறுத்தார். 9-ந் தேதி ராத்திரி ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 21-ல் மறுபடி நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த முறை, பிறகு பணம் வாங்கிக்கொள்ள 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாப்பாடு, குடி என்று உபசாரமாக நடந்தால் அபராதம் மட்டும். சத்தியத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்தது கணக்கும் ஒப்பந்தமும்தான். சட்டத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. கற்பூரம் எரிந்து தீர்ந்ததோடு அதுவும் தீர்ந்தது என்று வையுங்கள். ஓட்டு மெஷினுக்கு முன்னால் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள்.

கடைக்கு ரசீது புத்தகத்தோடு வசூலுக்கு வருகிறார்கள். கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு என்கிறார்களே?
மு.ஷா., ராயபுரம்

ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலையாகவோ ஆன்லைனிலோ கொடுத்தால் உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கட்சி ஒருவரிடம் 2,000-க்கு மேல் ரொக்க நன்கொடை வாங்கினால் அதன் வரிவிலக்குக்கே ஆபத்து. ஆகவே 5,000-க்கு ரொக்க ரசீது எழுதுகிறவர் கட்சிக்கு எழுதவில்லை, தனக்கு எழுதுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பேர் தெரியாத கட்சிக்குக் காசோலை கொடுங்கள், கமிஷன் போக ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். வருமான வரித் துறை இப்போது அதைத்தான் தோண்டுகிறது. 2025 ஆகஸ்டில் 334 பெயரளவுக் கட்சிகளை ஆணையம் பட்டியலிலிருந்தே நீக்கியது.

தேர்தல் பத்திரம் போய்விட்டதே, இனி பெரிய பணம் எப்படி வரும்?
கு.வே., பெரம்பூர்

பழைய வழியில் வரும். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்த அந்தப் பத்திரத்தை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாடு முழுக்க அதிகம் பெற்றது பாஜக. நம் ஊரில் திமுகவுக்கு 656.5 கோடி வந்தது, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம் கொடுத்தது. லாட்டரி தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை! அதிமுகவுக்கு வந்தது சுமார் 6 கோடி. கொடுத்தவர் பெயரைத் திமுக தானே வெளியிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது காசோலையும், நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளும்தான் வழி. அறக்கட்டளை வாங்கியதில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குக் கொடுத்தாக வேண்டும், பெயர்ப் பட்டியலும் உண்டு.

பெரிய கட்சி சின்னக் கட்சிக்குக் கொடுப்பதும் இருக்கிறது. 2019-ல் கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி கொடுத்ததாகத் திமுகவே ஆணையத்திடம் கணக்குக் காட்டியது. இந்திய கம்யூனிஸ்ட் 15, மார்க்சிஸ்ட் 10, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 15. எங்கள் மூலக்கொத்தளம் பக்கம் உண்டியல் குலுக்கும் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். உண்டியலை இன்னும் வேகமாகக் குலுக்கினார்.

மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கேயும் கட்சிக்குப் பணம் கொடுக்கலாமா, இங்கேயும் கொடுக்கலாமா?
ல.சு., எண்ணூர்

இந்தியக் குடிமகனாகவே இருந்தால், வங்கி வழியாகத் தன் சம்பாத்தியத்திலிருந்து இங்கே கொடுக்கலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டுப் பணம், நம் கட்சிகள் தொடக்கூடாது. அங்கே நேர்மாறு. எச்1பி விசாவில் இருந்தால் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் ஒரு டாலர் கொடுக்க முடியாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் கொடுக்கலாம். கூட்டாட்சித் தேர்தல் கணக்கில் மாநில, மாவட்ட, உள்ளூர்க் கட்சிக் குழுக்களுக்குச் சேர்த்து ஒருவர் வருஷத்துக்கு 10,000 டாலர் வரை தரலாம். 200 டாலரைத் தாண்டினால் பெயரோடு, என்ன வேலை, யாரிடம் வேலை என்பதும் வெளியாகும். நம் ஊரில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் வரும். இரண்டு தொகையும் இன்றைய மதிப்பில் பக்கம் பக்கம்தான். முதலாளி யார் என்று நம் பட்டியல் கேட்பதில்லை, எனக்கு அதுதான் குறை.

தோற்ற வேட்பாளரும் கணக்கு கொடுக்கணுமா? நாங்கள் பார்க்க முடியுமா?
அ.தே., மணலி

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற அத்தனை பேரும் முடிவு வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தகுதி நீக்கம். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சுயேச்சைகள், டெபாசிட் போன சோகத்தில் மறந்துவிடுகிறார்கள். மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் போய் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விதிப்படி கட்டணம் ஒரு ரூபாய். நகல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். சில்லறையாகக் கொண்டு போங்கள், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி இல்லை என்று நாளைக்கு வரச் சொல்வார்கள்.