ரொறொன்ரோவில் மேற்படிப்பு: பல்கலைக்கழக விடுதியா, வெளி வாடகையா?

ரொறொன்ரோவில் ஐந்து ஆண்டுகள் ஆய்வு மாணவியாக இருந்துவிட்டு இப்போது கல்லடியில் வசிக்கிறேன். அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் பட்டதாரி மாணவர் விடுதியிலும், அடுத்த மூன்று ஆண்டுகள் நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டிலும் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) குடியிருந்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து இவ்வருடம் புறப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வீசா பற்றிய கேள்விகள் என் துறையல்ல.

செங்கலடியிலிருந்து ஒருவர்: மிஸ், விடுதி அறைக்கு மாதம் 1,300 டொலர் கேட்கிறார்கள். ஸ்காபரோவில் 1,000 டொலருக்கு அறை இருக்கிறதாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நிறையவே இருக்கிறது, தம்பி. உங்கள் தொகைகளையே எடுத்துக்கொள்வோம். விடுதி வாடகையில் மின்சாரம், இணையம், வெப்பமூட்டல் ஆகியவை பெரும்பாலும் அடங்கியிருக்கும். வெளி அறைக்கு இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் உங்கள் பங்காக ஒரு 72 டொலரையும், மாணவர் மாதாந்தப் பயண அட்டைக்கு ஏறத்தாழ 128 டொலரையும் சேர்த்தால் 1,000 என்பது 1,200 ஆகிவிடும். மிஞ்சுவது நூறு டொலர். அந்த நூறு டொலருக்காக, நகர மையத்திலுள்ள ஆய்வுகூடத்துக்கும் வீட்டுக்குமிடையே பேருந்திலும் சுரங்க ரயிலிலுமாக நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் போய்வர வேண்டும். மாதத்துக்கு இருபது நாள் என்று வைத்தாலும் ஐம்பது, அறுபது மணி நேரம் வீதியில் போகும். 2025 ஒக்டோபர் முதல், ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர். அந்த நூறு டொலரை ஆறு மணி நேர வேலையில் உழைத்துவிடலாம்.

அதோடு, விடுதி ஒப்பந்தம் எட்டு மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பதையும் பாருங்கள். எட்டு மாத ஒப்பந்தமென்றால் கோடை காலத்தில் பெட்டியோடு வெளியேற வேண்டிவரும்; ஆய்வு மாணவருக்குக் கோடை விடுமுறை கிடையாது.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: இணையத்தில் அருமையான வீடொன்று கண்டேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முற்பணம் அனுப்பினால் திறப்பைத் தபாலில் அனுப்புவாராம்.

அப்படியொரு வீடு உங்களுக்காக இல்லை. நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: விடுதியில் நாமே சமைக்க முடியுமா? ஹலால் உணவு எனக்கு முக்கியம்.

பட்டதாரி விடுதிகள் பலவற்றில் நான்கைந்து பேருக்கு ஒரு சமையலறை உண்டு. விண்ணப்பிக்கும்போது 'கட்டாய உணவுத் திட்டம்' இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால், சாப்பிடாத உணவுக்கும் நீங்கள் பணம் கட்ட நேரும். சமையலறை பொதுவென்றால் சட்டிகளுக்கு உங்கள் அறையில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: முதல் மாதத்திலேயே நான் கொச்சிக்காய் வறுக்கப்போய்ப் புகை எச்சரிக்கை மணி அலறியது. கட்டடத்திலிருந்த அத்தனை பேரும் போர்வையோடு வீதியில் இறங்கி நின்றார்கள். தூளை ஊரிலேயே இடித்துக்கொண்டு போங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர்: அக்கா, மாமா ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கிறார். பேஸ்மென்டைத் தருவதாகச் சொல்கிறார், வாடகையும் குறைவு. சமையலறை மட்டும் அவர்களோடு பொது. போகலாமா?

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குக் கணிசமான பாதுகாப்பைத் தருகிறது: முற்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே கேட்கலாம், சேதத்துக்கென்று தனிவைப்புக் கேட்க முடியாது, வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்த முடியாது, அதற்கும் தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் எழுத்தில் வேண்டும். உரிமையாளர் தன் பிள்ளைக்கு வீடு தேவை என்று சொன்னாலும் குறைந்தது அறுபது நாள் அவகாசம் தந்தாக வேண்டும். ஆனால் உரிமையாளரோடோ, அங்கு வசிக்கும் அவரது துணை, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையை அல்லது குளியலறையைக் கட்டாயமாகப் பகிர வேண்டிய குடியிருப்பு இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே, மாமாவின் அந்த ஒரு சமையலறையோடு உங்கள் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது.

எனவே வாடகை, அதில் அடங்குபவை, வெளியேறச் சொல்வதானால் எத்தனை நாள் அவகாசம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தந்தை: மகள், குறை நினைக்க வேண்டாம். மாமனிடம் தாள் நீட்டுவது நம் ஊர் வழக்கமா? உறவு முறிந்துவிடாதா?

ஐயா, உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுகிறார். உறவுக்குள் வாடகை என்ற சொல்லே வருவதில்லை. ஆனால் ஸ்காபரோவிலுள்ள மாமா அந்த வாடகையை நம்பித்தான் மாதாந்த வீட்டுக்கடன் கட்டுகிறார். பணம் கைமாறத் தொடங்கிய பிறகு, எழுதாமல் விட்டதுதான் மனக்கசப்புக்கு இடம் வைக்கிறது. என்னுடைய பேஸ்மென்டில் வெப்பநிலைக் கருவி மேல்மாடியில் இருந்தது. ஜனவரி மாதத்தில் யன்னலைப் பனி மூடிக்கிடக்க, கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொண்டு ஆய்வேட்டை எழுதினேன். செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்ற மாகாண விதியை நான் அறிந்திருந்தும், மேலே இருந்தவர்கள் சொந்தக்காரர் என்பதால் வாய் திறக்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து ஒரு மட்டக்களப்பார்: நாங்கள் கொள்ளைக்காரர் அல்லர். பிள்ளைகளுக்கு இடம் கொடுத்து, சோறும் கொடுத்து, இப்போது சட்டமும் கேட்க வேண்டுமா?

உங்களைப் போன்றவர்களின் சோற்றில்தான் என் முதல் குளிர்காலம் கழிந்தது, அதை மறக்கவில்லை. அறிமுகமில்லாத நாட்டில் இறங்கும் பிள்ளைக்கு உறவினர் வீட்டைவிட நல்ல முதல் இரண்டு கிழமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகி, பேஸ்மென்ட் தேவைப்பட்டு, பரீட்சைக் காலத்தில் ஒரு பிள்ளை பெட்டியோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டாரும் கெட்டவர்கள் அல்லர். தாள் இருந்திருந்தால் அவர்களுக்கும் சங்கடம் குறைந்திருக்கும்.

ஆரையம்பதித் தந்தை மீண்டும்: அப்படியானால் தாளை மாமனே எழுதட்டும். பிள்ளை கேட்பதுபோல் இருக்கக் கூடாது.

இது எனக்குத் தோன்றாத வழி, ஐயா. பெரியவர் ஒருவர் தொலைபேசியில் எடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

சம்மாந்துறையிலிருந்து ஒருவர்: ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

மேலே சொல்லிவிட்டேன்: சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால் கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்பாகக் கேட்க உரிமையில்லை. வீட்டைப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஸ்காபரோவில் அறை எடுப்பது சரிதானே?

உங்கள் மேற்பார்வையாளரின் ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது? அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நகர மையம், ஸ்காபரோ, மிசிசாகா என மூன்று வளாகங்கள் உண்டு. ஆய்வுகூடம் ஸ்காபரோவில் என்றால் சரி. மிசிசாகாவில் என்றால், நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்க, மட்டக்களப்பு வந்தாறுமூலையில் போடிங் எடுத்தவர் கதைதான்.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: மனைவியும் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள்.

அதே பல்கலைக்கழகம் என்றால், நகர மையத்தில் சாள்ஸ் வீதி மேற்கு 30ஆம், 35ஆம் இலக்கக் கட்டடங்கள் குடும்பத்தோடு வரும் மாணவருக்கானவை. காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால், அனுமதிக் கடிதம் கைக்கு வந்த கிழமையே பெயரைப் பதியுங்கள்; வீசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் முறை வரும்வரை வெளியே வாடகைக்குத்தான் இருக்க வேண்டியிருக்கும். அப்போது 2018 ஏப்ரல் 30இலிருந்து நடைமுறையில் உள்ள மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒலுவிலிலிருந்து ஒருவர்: யோர்க் பல்கலைக்கழகம். வளாகத்துக்குள் இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. 2017 டிசம்பரிலிருந்து சுரங்க ரயில் வளாகத்துக்குள்ளேயே போகிறது. அதே பாதையில் அறை தேடுங்கள்.

கல்முனையிலிருந்து ஒருவர்: முகவர் ஒருவர் வீடு பிடித்துத் தருவதாகச் சொல்லி 500 டொலர் கேட்கிறார். வீட்டின் படங்கள் எல்லாம் அனுப்பியிருக்கிறார்.

மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். படம் வீடாகாது. அனுப்பாதீர்கள்.

களுவாஞ்சிக்குடித் தங்கை மீண்டும்: அக்கா, அப்பா மாமாவோடு கதைத்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றாராம்.

விடுதி விண்ணப்பத்தை இன்றிரவே அனுப்பிவிடுங்கள், தங்கச்சி.